சோத்தாங்கைப் பக்கம்

உக்காருங்க தம்பி, நல்லா உள்ள தள்ளி ஜன்னலோரமா உக்காருங்க. இந்தப் பை என் காலடியிலயே இருக்கட்டும், மேல வெச்சா வளைவுல உருண்டு யாரு மண்டையிலயாவது விழும். ஜன்னலைச் சாத்திடறேன். காத்து சொகமாத்தான் இருக்கும், ஆனா எதிர்காத்து காதுக்கு ஆகாது. பழனிக்குத்தானே? ஈரோட்டுல இந்த பஸ்ஸைப் புடிச்சு ஏறுறவங்க வேற எங்க போகப்போறாங்க. நானும் பழனிதான். நல்லதாப் போச்சு, கடைசி வரைக்கும் பேச்சுத்துணை.

உங்களைப் பார்த்தாப் படிச்ச புள்ளையாட்டம் இருக்குது. ஒண்ணு கேக்கறேன், நாயமாச் சொல்லுங்க. ஒருத்தன் மேல ஒருத்தர் புகார் குடுக்கறாங்க. சரி, குடுக்கட்டும். அவனைக் கூப்பிட்டு, "ஏப்பா, இப்படிச் சொல்றாங்களே, நீ என்ன சொல்றே"ன்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? கொலை பண்ணினவனைக்கூடக் கேக்கறாங்களே. என்னைக் கேக்கலைங்க. இன்னாரு இன்னாரோட வீட்டுக்குப் போகக்கூடாது, வேலை செய்யற எடத்துக்குப் போகக்கூடாது, அவங்க எங்க இருந்தாலும் கிட்டப் போகக்கூடாது, போன்ல பேசக்கூடாது, அடுத்தவங்களை விட்டும் பேசக்கூடாதுன்னு கோர்ட்டுல ஆர்டர் போட்டுட்டாங்க. மொத இன்னாரு நானு. ரெண்டாவது இன்னாரு யாருன்னு நெனைக்கறீங்க? என்கூடப் பொறந்த தங்கச்சி கோகிலா.

பாதுகாப்பு உத்தரவுன்னு அதுக்குப் பேரு. யாருகிட்டருந்து பாதுகாப்பு? இத்தனை வருசமா அவளைப் பாதுகாத்தது யாரு? பேரு வெச்சவனைப் புடிச்சு ஒரு நாள் எங்க ஊட்டுல உக்கார வெச்சிருக்கோணும்.

வக்கீலு சொன்னாரு, "ஈஸ்வரமூர்த்தி, இது எக்ஸ்பார்ட்டி ஆர்டர்"னு. அதாவது ஒரு பக்கத்தைக் கேக்காமயே போடறது. நோட்டீஸ் வரலையான்னு நீங்க நெனைப்பீங்க. வந்துச்சு. எனக்குப் பெருந்துறையில தண்ணி மோட்டாரு காயில் கட்டற கடைங்க. அங்க ஒரு ஆளு வந்து கையெழுத்துப் போடுங்கன்னு நீட்டினான். பார்த்தா என் பேருக்கு எதிர்ல என் தங்கச்சி பேரு. அதை நான் எதுக்குங்க வாங்கோணும்? என் தங்கச்சி எனக்கு எதிரின்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறதா? போய்யான்னு அனுப்பிச்சுட்டேன். மறுக்கா வந்தான், ஷட்டரை எறக்கிட்டேன். அதுக்காக? வரலைன்னா இன்னொருக்கா வந்து கூப்பிடறது. கல்யாணத்துக்கு மொறைச்சுக்கிட்டு நிக்கற பங்காளியையே எத்தனை தடவை போய்க் கூப்பிடறோம்.

போனை உள்ள வையுங்க தம்பி. ஒரு ஆளு பேசறப்போ போனைப் பார்க்கறது ஒரு வழக்கமாப் போச்சு எல்லாத்துக்கும். வையுங்க, போன் எங்கயும் ஓடிறாது.

எங்கப்பன் போனப்ப கோகிலா பள்ளிக்கொடத்துல படிச்சுட்டிருந்தா. அடுத்த வருசமே அம்மாவும் போயிருச்சு. சொந்தக்காரங்க வந்தாங்க, சாப்பிட்டாங்க, போனாங்க. அந்தப் புள்ளைக்குத் தலை பின்னி விட்டது நானு. மோட்டாரு கிரீஸு நெகத்துக்குள்ள இருக்கும், சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவிட்டு வந்துதான் சீப்பைத் தொடுவேன். வகிடு கோணலாப் போகும். "அண்ணா, கோணலா இருக்குதுன்னு எல்லாரும் சிரிக்கறாங்க"ம்பா. சிரிக்கற புள்ளை பேரைச் சொல்லுன்னு பள்ளிக்கொடத்துக்கே போய் வாத்தியாருகிட்டச் சொன்னேன். அப்புறம் அவ எங்கிட்ட எதையும் வந்து சொல்றதில்லை. அவ்வளவு நல்ல புள்ளை. சொன்னாக் கேப்பா. உக்காருன்னா உக்காருவா. அவ ஆஸ்பத்திரி லேப் படிப்புப் படிச்சு முடிச்சு, ஒரு எடத்துல கட்டிக் குடுத்ததுக்கு அப்புறந்தான் நான் ருக்குமணியக் கட்டினேன். எனக்குக் கொழந்தை குட்டி கெடையாது. கோகிலாதான் எனக்குப் புள்ளை.

கரூர்ல குடுத்தேன். மாப்பிள்ளை நல்ல பையன். பைக்குல போறப்ப லாரிக்காரன் அடிச்சுட்டான். புள்ளை இனியா அப்பக் கைக்கொழந்தை. காரியம் முடிஞ்ச அன்னைக்கே நான் வேனைக் கொண்டுபோய் நிறுத்திட்டேன். மாமியாக்காரி, "இங்கயே இருக்கட்டும், கரூர் ஆஸ்பத்திரியில வேலை இருக்குதாம், அதுவும் இங்கதான் இருக்கோணுங்குது"ன்னா. கோகிலாவும் வாசப்படியில நின்னு என்னமோ சொல்ல வந்தா. பாவம், புருசன் செத்த பொம்பளைக்கு அந்த நேரத்துல என்ன புத்தி வேலை செய்யும்? நான் கேக்கவே இல்லைங்க. பீரோவைத் தூக்கி வேன்ல ஏத்தினேன், அவளையும் ஏத்தினேன். எந்த அண்ணன் செய்வான்?

நம்ம ஊட்டுக்கு வந்து என்ன கொறை அவளுக்கு? வேலைக்குப் போகோணும்னா, ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல சேர்த்து விட்டேன். காலையில நானே வண்டியில கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் நானே போய்க் கூட்டியாருவேன். மத்தியானம் சில நாள் கடையில வேலை இருக்காது, போய் லேபுக்கு எதிர்ல இருக்கற பெஞ்சுல உக்காந்துக்குவேன். அவகூட வேலை செய்யறவங்க யாரு, எந்த ஊரு, எல்லாம் விசாரிச்சு வெச்சிருப்பேன். அவ போன் எங்கிட்டத்தான் இருக்கும். ராங் நம்பர், கண்ட கண்ட ஆளு பேசுவான், அவளுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு? லீவு நாள்ல நான் கடைக்குப் போறப்ப ஊட்டை வெளிப்பக்கமாப் பூட்டிட்டுத்தான் போவேன். ரெண்டு பொம்பளைங்க, ஒரு கொழந்தை, காலம் கெட்டுக் கெடக்குது. இதெல்லாம் சிறை வெச்சாருன்னு மனுவுல எழுதியிருக்கறாங்க தம்பி. சிறையாம். சிறையில வாரா வாரம் கோழி அடிச்சுப் போடுவாங்களா?

காங்கயம் வந்துருச்சு. எறங்குங்க, ஒரு டீ குடிக்கலாம். அட, வேண்டாங்காதீங்க. டிரைவரு டீ குடிக்காம வண்டியை எடுக்க மாட்டாரு. ஏனுங்க மாஸ்டர், ரெண்டு டீ, சக்கரை தூக்கலாப் போடுங்க. சக்கரை வேண்டாமா? ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகிறாது, குடிங்க. ஒடம்புல தெம்பே இல்லை உங்களுக்கு.

ம், எங்க விட்டேன்? அவளுக்கு வயசு என்னங்க, காலம் பூரா இப்படியே உக்காந்திருக்க முடியுமா? அறச்சலூர்ல ஒரு பையன். மொதத் தாரம் தவறிப் போச்சு, தோட்டம் தொரவு எல்லாம் உண்டு, புள்ளையோட ஏத்துக்கறேங்கறான். தங்கமான ஆளு. ஒரு ஞாயித்துக்கெழமை வரச்சொல்லிட்டேன். கோகிலாகிட்டக் கேட்டியான்னு கேப்பீங்க. கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா. வேண்டாம்னு சொல்லப் போறவகிட்ட எதுக்குங்க கேக்கறது? சங்கடம்தான் மிச்சம்.

அவங்க வந்து உக்காந்தாச்சு. இவ ஊட்டுச் சேலையோட, தலைகூடச் சீவாம கூடத்துக்கு வந்து நின்னா. "என்னைய ஒரு வார்த்தை கேக்காம இவங்களை வரச்சொன்னது யாரு?"ன்னா. எல்லாருக்கும் முன்னால. வந்தவங்க காப்பியை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. என் மொகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்? அவங்க கார் கெளம்பினதும் ஒரு தட்டுத் தட்டினேன். அடிக்கலைங்க. தட்டினேன். இந்தா, இந்தச் சோத்தாங்கையில ஒரே ஒரு தட்டு. அவ கதவு நெலையில சாஞ்சு அப்படியே கீழ உக்காந்துட்டா. காது மேல கையை வெச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. நானே போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். "அண்ணன் அடிச்சா வலிக்குமா கண்ணு"ன்னு கேட்டேன். பதில் சொல்லலை. கோவம்னு நெனைச்சேன்.

அதுக்கப்புறமும் எல்லாம் சரியாத்தான் போயிட்டிருந்தது. ஒரு நாள் இனியாவுக்குத் தடுப்பூசி போடோணும்னா. ஆஸ்பத்திரியிலயே போட்டுட்டு, நீ கூட்டியாரதுக்கு வர்றப்ப வந்தர்றோம்னா. சரின்னு ரெண்டு பேரையும் கொண்டுபோய் விட்டேன். ருக்குமணி அந்தக் கொழந்தைக்குச் சட்டை மேல சட்டை, அது மேல இன்னொரு சட்டை போட்டு விட்டிருந்தா. பங்குனி வெயிலு. ஏன்டின்னேன். "ஊசி போட்டாக் குளுருமுங்க"ன்னா. அவ ஒரு வெகுளிங்க. சாயங்காலம் போய்ப் பார்த்தா லேப் பெஞ்சு காலி. மேடம் வேலையை விட்டு நின்னுட்டாங்கன்னு சொன்னாங்க. என் தங்கச்சி வேலையை விட்டது ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியலை.

பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, கரூரு, எல்லாப் பக்கமும் அலைஞ்சேன். சோறு தண்ணி எறங்கலை. அப்புறந்தான் அந்த நோட்டீஸ் வந்தது, அப்புறம் இந்த ஆர்டரு. ஆர்டரை மட்டும் போலீஸ்காரரு நேர்ல கொண்டாந்து கையில குடுத்துட்டாரு, தப்பிக்க முடியலை. படிச்சுட்டு நான் அழுதேன் தம்பி. சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்லை. மோட்டாரைக் கழட்டிப் போட்டுட்டு அது முன்னால உக்காந்து அழுதேன். பெத்த தாய் செத்ததுக்குக்கூட நான் அப்படி அழுகலை. வெளியாளு குத்தினா வயித்துல குத்துவான். இவ எங்க குத்தினா எனக்கு வலிக்கும்னு தெரிஞ்சு குத்தியிருக்கறா.

வாங்க, ஏறலாம். டிரைவர் ஹாரன் அடிக்கறாரு. நீங்க மொத ஏறுங்க, உள்ள போங்க, அதே ஜன்னலோரம்.

வக்கீலு ஒரு வழி சொன்னாரு. உங்களைக் கேக்காமப் போட்ட ஆர்டரு, அதை எதுத்து மனுப் போடலாம், உங்க தரப்பைக் கேட்டுத்தான் தீரோணும், அது உங்க உரிமைன்னாரு. உரிமைங்கற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பாதி உசுரு வந்துருச்சு. கேட்டாப் போதும். என்னை நிறுத்தி வெச்சு முழுசாக் கேட்டுட்டா எந்த ஜட்ஜும் இந்த ஆர்டரைக் கிழிச்சுப் போட்டுருவாருன்னு எனக்குத் தெரியும். அதுவும் இனியாவுக்குக் காது குத்தற வயசு வந்துருச்சு. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தோணும்? அவளுக்கு நான் ஒருத்தன்தான் தாய்மாமன். ஆர்டரு நின்னுச்சுன்னா அந்தக் கொழந்தை யாரு மடியில உக்காரும்? அதுக்குத்தான் இத்தனையும். சும்மா வீம்புக்கு இல்லை.

கோர்ட்டுல மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடி, மெதுவான பேச்சு. வக்கீலு காதுல ஓதினாரு, "நீங்க கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்"னு. என்னங்க இது? என்னைக் கேக்கோணும்னு இத்தனை நாள் நடந்தது நானு. வாயை வக்கீலுகிட்ட வாடகைக்கா விட்டிருக்கறேன்? கூண்டுல ஏறி நின்னு, "அம்மா, நான் முழுசாச் சொல்லோணுமுங்க"ன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு, "சொல்லுங்க, கேக்கறேன்"னாங்க.

அந்த வார்த்தை ஒண்ணு போதுங்க. கண்ணு கலங்கிருச்சு. தலை பின்னி விட்டதுல ஆரம்பிச்சு ஒண்ணு விடாமச் சொன்னேன். வேன்ல ஏத்திக் கூட்டியாந்தது, லேபுக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தது, போனை நான் பத்திரமா வெச்சிருந்தது, வெளியில பூட்டினது, எல்லாம். மறைக்கறதுக்கு என்ன இருக்குது? அந்தம்மா இடையில பேசவே இல்லை. நடு நடுவுல பேனாவை எடுத்து என்னமோ எழுதிக்கிட்டாங்க. நல்லா எழுதறாங்க, நம்ம பக்கம் பலமாயிட்டு வருதுன்னு நானும் இன்னும் விவரமாச் சொன்னேன். வக்கீலு மட்டும் தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தாரு. அவருக்குப் பேச வாய்ப்பு கெடைக்கலைன்னு வருத்தம்.

கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "இதுல எதையாவது உங்க தங்கச்சி வேண்டாம்னு சொன்னாங்களா?" நான் சொன்னேன், "அவ எப்பவும் வேண்டாம்னுதாங்கம்மா சொல்லுவா. சின்னப் புள்ளையில இருந்தே அப்படித்தான். நாமதான் கேக்காம செய்யோணும்." அதையும் எழுதிக்கிட்டாங்க.

அப்புறம் கோகிலாவைக் கூப்பிட்டாங்க. ஒரு வருசங்கழிச்சுப் பார்க்கறேன். எளைச்சிருந்தா. வகிடு நேரா எடுத்திருந்தா. என்னைய அவ பார்க்கவே இல்லை. அவ வக்கீலு கேள்வி கேட்டாரு, இவ என்னமோ தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டிருந்தா. "மன்னிக்கோணும், இந்தப் பக்கம் வந்து கேளுங்க, எனக்குப் பீச்சாங்கைப் பக்கக் காது கேக்காது"ன்னா. ஒரு தட்டுத் தட்டினதுல காது போயிருச்சாமா! மனுவுல எழுதியிருந்ததை வக்கீலு கைவரிசைன்னு விட்டுட்டேன். இவளே வாயத் தொறந்து சொல்றா. "நடிக்கறாம்மா"ன்னு கத்திட்டேன். மாஜிஸ்ட்ரேட் அம்மா, "உங்களை நான் குறுக்க பேசாமக் கேட்டேன். இப்ப அவங்களைக் கேக்கறேன்"னாங்க. டாக்டரு சர்ட்டிபிகேட் காட்டினாங்க. ஆஸ்பத்திரியில வேலை செஞ்சவளுக்கு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கறது பெரிய காரியமா? நீங்களே சொல்லுங்க.

எனக்குக் கவலை இல்லை. எங்கிட்ட ருக்குமணி இருந்தா.

ருக்குமணி பத்திச் சொல்லோணும். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து நான் சொன்னதுக்கு மறுவார்த்தை பேசினவ இல்லை. வக்கீலு வேண்டாம்னாரு, "பொஞ்சாதியைக் கூண்டுல ஏத்தறது ரெண்டு பக்கமும் வெட்டும்"னாரு. "அட, அவ எம் பேச்சைக் கேப்பாங்க"ன்னு நான்தான் ஏத்தினேன். பாடம் மாதிரி சொல்லிக் குடுத்திருந்தேன். அண்ணன் தங்கச்சியை அடிச்சதே இல்லை. அம்மிணி, கோகிலாவை அவ அப்படித்தான் கூப்பிடுவா, சந்தோசமாத்தான் இருந்துச்சு. காது நல்லாக் கேக்கும். மூணே மூணு. சமைக்கறப்ப சொல்லிப் பார்ப்பா, தண்ணி எடுக்கறப்ப சொல்லிப் பார்ப்பா, நானும் கேட்டுப் பார்த்தேன், ஒரு எழுத்துப் பெசகாது.

என்ன தம்பி, எதுக்கு எந்திரிக்கறீங்க? கால் மரத்துப் போச்சா? உக்காருங்க உக்காருங்க, தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல இவன் கொஞ்ச நேரம் நிப்பான். முறுக்கு வேணும்னா ஜன்னல்லயே கொண்டாந்து குடுப்பாங்க. இப்பத்தான் முக்கியமான எடம் வருது. கையை எடுக்க மாட்டேன், உக்காருங்க. ஆங், அப்படி.

ருக்குமணி கூண்டுல ஏறினா. பச்சைச் சேலை, நான் எடுத்துக் குடுத்தது. அண்ணன் அடிச்சதே இல்லீங்கன்னா. அம்மிணி சந்தோசமாத்தான் இருந்துச்சுங்கன்னா. காது நல்லாக் கேக்குமுங்கன்னா. சொன்னபடியே சொன்னா. நான் வக்கீலைப் பார்த்துச் சிரிச்சேன். அந்தப் பக்க வக்கீலும் பெருசா ஒண்ணும் கேக்கலை. முடிஞ்சுதுன்னு நெனைச்சேன்.

மாஜிஸ்ட்ரேட் அம்மா சும்மா பேச்சுக் குடுக்கறாப்புல கேட்டாங்க. "ஏம்மா, நீங்களும் நாத்தனாரும் வீட்டுல பேசிக்குவீங்களா?"

"பேசுவோமுங்க."

"எப்பப் பேசுவீங்க?"

"சமைக்கறப்பங்க. அவரு கடைக்குப் போனதுக்கப்புறம். நான் அம்மிணிக்குச் சோத்தாங்கைப் பக்கமா நின்னுக்கிட்டுப் பேசுவேனுங்க."

அந்தம்மா பேனா நின்னுருச்சு. "ஏன் சோத்தாங்கைப் பக்கம்?"

ருக்குமணி என்னைப் பார்த்தா. அந்தம்மா, "அங்க வேண்டாம், என்னைப் பார்த்துச் சொல்லுங்க"ன்னாங்க. ருக்குமணி முந்தானையைப் புடிச்சுக்கிட்டு, "பீச்சாங்கைப் பக்கம் நின்னாக் கத்திப் பேசோணுமுங்க. கத்தினா அக்கம்பக்கம் கேக்கும். அதான் நான் எப்பவும் இந்தப் பக்கம் வந்துருவேன்"னா.

"எப்ப இருந்து இப்படி?"

"அறச்சலூர்க்காரங்க காப்பி குடிக்காமப் போனாங்கள்ல, அன்னையில இருந்துங்க."

அவ்வளவுதான். கோகிலா அப்பத்தான் தலையைத் தூக்கினா. என்னைப் பார்க்கலை, ருக்குமணியைப் பார்த்தா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

வேணும்னு சொன்னாளா, வெகுளியாச் சொன்னாளா? இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை தம்பி. வரும்போது கேட்டேன், "ஏன்டி, நான் சொல்லிக் குடுத்தது என்ன, நீ சொன்னது என்ன?"ன்னு. "நீங்க சொல்லிக் குடுத்த மூணும் சொல்லிட்டேனுங்க. அவங்க கேட்டதுக்குப் பதில் நீங்க சொல்லிக் குடுக்கலீங்களே"ங்கறா. அடிக்கலாம்னு கை வந்துச்சு. அடிக்கலை. நானும் மனுசன்தானே, வலி தாங்கற மனுசன்.

ஆர்டரு அப்படியே நிக்குதுங்க. ரத்துப் பண்ண மாட்டேன்னுட்டாங்க. "எதிர்மனுதாரரை முழுமையாகக் கேட்டறிந்த பின்"னு தீர்ப்புல எழுதியிருக்கறாங்க. வக்கீலு படிச்சுக் காட்டினாரு. அவரே சொல்றாரு, "உங்க தங்கச்சி சொன்னதுல பாதியை நிரூபிக்க முடியாதுன்னு நெனைச்சேன், நீங்களே சொல்லிக் குடுத்துட்டீங்க"ன்னு. இவரும் அந்தப் பக்கம் சாஞ்ச ஆளுதான். கேக்காமப் போட்டப்பக்கூட மனசுல ஒரு தைரியம் இருந்துச்சு தம்பி, கேட்டா மாறிரும்னு. கேட்டதுக்கப்புறமும் இப்படின்னா நான் யாருகிட்டப் போறது? தங்கச்சி விட்டுட்டா, பொஞ்சாதி விட்டுட்டா, வக்கீலு விட்டுட்டாரு. கடைசியில அந்தம்மாவும். "சொல்லுங்க, கேக்கறேன்"னு சொன்ன அந்தம்மாவும்.

இப்ப எதுக்குப் பழனின்னு கேக்கறீங்களா? இன்னைக்குத்தான் இனியாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்து. கரூர்ல அவ மாமியார் ஊட்டுக்குப் பக்கத்து ஊட்டுல ஒரு ஆளை வெச்சிருக்கேன், சொல்லிட்டான். நேத்து ருக்குமணிகிட்ட, "தாய்மாமன் மடி இல்லாம எப்படிடி குத்துவாங்க"ன்னேன். அவ சோத்தைப் போட்டுக்கிட்டே, "அம்மிணி தன் மடியிலயே வெச்சுக் குத்திக்குதாமுங்க"ன்னா. உனக்கு எப்படித் தெரியும்னேன். "சும்மா தோணுச்சுங்க"ங்கறா. போனும் அவகிட்டக் கெடையாது, எப்படித் தோணும்? காலையில கெளம்பறப்ப ஊட்டை வெளிப்பக்கமாப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். சாவி இந்தா, அரணாக்கயித்துல.

பாருங்க, இதான் தோடு. ஆசாரிகிட்டச் சொல்லி உருட்டச் சொன்னேன். சின்னக் காதுல்ல, அதுக்குத் தகுந்தாப்புல கம்பி சன்னமா. கையில வெச்சுப் பாருங்க. எப்படி? ஒரு மாமன் போடறதுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லையே?

நான் கிட்டப் போனா அவ போலீஸைக் கூப்பிடுவா. உள்ள போட்டுருவாங்கன்னு வக்கீலு எச்சரிச்சுட்டாரு. அதான் ஒரு யோசனை. காங்கயத்துலயே நான் முடிவு பண்ணிட்டேன். நீங்க பார்க்க நல்ல புள்ளையாட்டம் இருக்கறீங்க, உங்களை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நான் அடிவாரத்துல நின்னுக்கறேன். நீங்க மேல போய், காது குத்தற எடத்துல அவ இருப்பா, மெலிஞ்ச ஒடம்பு, நேர் வகிடு, மொட்டைத் தலையோட ஒரு பொம்பளைப் புள்ளை. அவகிட்ட இதைக் குடுத்துப்போட்டு, "உங்கண்ணன் குடுத்தாரு, கீழ நிக்கறாரு, அஞ்சு நிமிசம் மடியைக் குடுத்துட்டுப் போயிருவாரு"ன்னு சொல்லோணும். அவ்வளவுதான். மறந்துராதீங்க, சோத்தாங்கைப் பக்கமாப் போய் நின்னு சொல்லுங்க. இல்லைன்னா அவளுக்குக் கேக்காது.

அதா, மலை தெரிய ஆரம்பிச்சுருச்சு பாருங்க. கும்பிட்டுக்கங்க. சரி, தோட்டைப் பையில வையுங்க, எறங்கறப்ப கூட்டத்துல விழுந்துரப் போகுது.

என்ன தம்பி, திருப்பி நீட்டறீங்க? என்னது?

நீங்க பழனி இல்லையா? தாராபுரத்துல எறங்க வேண்டிய ஆளா? தங்கச்சிக்குப் பிரசவமா? ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கறாங்களா? அட கடவுளே, வண்டி தாராபுரம் தாண்டி எத்தனை தூரம் வந்துருச்சு! ஈரோட்டுல இருந்து பக்கத்துலயே உக்காந்துட்டு வர்றீங்க, கல்லாட்டம் வாயை மூடிக்கிட்டு இருந்தா யாருக்குத் தெரியும்? என்ன புள்ளைங்க நீங்க? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா?